ஆளுக்கொரு பூஜ்ஜியம்

கேசட்டை உள்ளே தள்ளி மூடியதும் டேப் ரெக்கார்டரின் சின்னக் கண்ணாடிக்குள், டேப் ஓடிய அளவைக் காட்டும் இடத்தில், பச்சை நிறத்தில் நான்கு பூஜ்ஜியங்கள் எரிந்தன. டைப்பிஸ்டுக்கு அப்போதுதான் தன் தவறு உறைத்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி. இந்தப் பக்கம், பிரேக் பழுதான பஸ்ஸை வெளியே விட்டதாக வேலை போகும் நிலையில் நிற்கும் மெக்கானிக். ஜன்னலோரம் அவருடைய மேற்பார்வையாளர். "பிரேக் சரியில்லைன்னு எங்கிட்ட யாரும் சொல்லல சார்" என்று சத்தியம் பண்ணாத குறையாக இப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். போன வாரம் இதே நாற்காலியில் உட்கார்ந்து, 'மெக்கானிக் சொன்னார், நான்தான் பரவாயில்லை, அனுப்பு என்றேன்' என்று வாய்தவறி ஒப்புக்கொண்டவரும் அவரேதான். அன்று விசாரித்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். டைப்பிஸ்ட் அன்றைய வாக்குமூலங்களை இன்னும் தட்டச்சு செய்து முடிக்கவில்லை. அந்த வார்த்தை டேப்பில் மட்டும்தான் இருந்தது.

அவளுடைய நோட்டில், சிவப்பு மையில், அடிக்கோடிட்டு: மேற்பார்வையாளர், 412, பிரேக். காலையில் மெக்கானிக்கிடம்கூட, "கவலைப்படாதீங்கண்ணே, நம்பர் குறிச்சு வச்சிருக்கேன்" என்று பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

ஆனால் போன வாரம் பதிவின்போது ஒவ்வொருவரும் வந்து உட்கார்ந்ததும் அவள் பொத்தானை அழுத்தி எண்ணைப் பூஜ்ஜியமாக்கியிருந்தாள். ஆளுக்கொரு பூஜ்ஜியம், சுத்தமாக இருக்கட்டும் என்று. பேசியவர்கள் ஐந்து பேர், மேற்பார்வையாளர் நான்காவது. அவருடைய பூஜ்ஜியம் டேப்பில் எங்கே இருக்கிறதென்று நோட்டில் இல்லை. ஒருவர் முடித்த எண்ணை எதற்கு எழுத வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

"நானூத்திப் பன்னெண்டுன்னியேம்மா, போடு" என்றார் அதிகாரி.

போட்டாள். டேப்பில் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டும் நேரத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

"நான் எப்ப சார் வாட்ச்மேன் ஆனேன்?" என்று மேற்பார்வையாளர் சிரித்தார்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்கு இந்த டிஸ்மிஸ் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டு அனுப்பணும். பத்து நிமிஷம் தர்றேன்."

ஓட்டினாள். எண்கள் தறிகெட்டு ஓடின. நிறுத்தினால் ஸ்டோர்கீப்பர். மறுபடி ஓட்டினால் கண்டக்டர். அவர் ஐந்தாவது ஆள், தாண்டிவிட்டது. திருப்பினாள். அம்புக்குறி இடப்பக்கம் மின்னியது. பொத்தானைத் தொடாத சோம்பேறியாக இருந்திருந்தால் இந்நேரம் கிடைத்திருக்கும். அடுத்தவர் குறிப்பில் குற்றம் கண்டுபிடிக்கத் தெரிகிறது, தன்னுடையதைப் பார்க்கத் தெரியவில்லை. விரல் வழுக்கிற்று. எண்கள் அவளைப் பொருட்படுத்தாமல் இறங்கிக்கொண்டிருந்தன.

"பதறாதம்மா" என்றார் மெக்கானிக். கொஞ்ச நேரம் கழித்து, குரலை உயர்த்தாமல், "நீ குறிச்சு வச்சிருக்கேன்னு சொன்ன. அதனாலதான் நான் வேற சாட்சியே தேடல" என்றார்.

அவள் மறுபடி ஓட்டினாள். வயது, எத்தனை வருட சர்வீஸ் என்று மேற்பார்வையாளரின் குரல் கடைசியில் அகப்பட்டது. அதுதான் அவருடைய தொடக்கம்; அங்கே பூஜ்ஜியமாக்கி 412-ஐ நோக்கி ஓட்டினாள்.

"நேரமாச்சும்மா." அதிகாரி காகிதத்தை அருகே இழுத்தார்.

"சார், வந்துட்டேன் சார்."

"டிப்போல வேலை கெடக்கு, நான் வரேன் சார்." மேற்பார்வையாளர் எழுந்து கதவருகே போனார்.

அவள் நிறுத்திவிட்டு ஒலியைக் கூட்டினாள். பழைய அதிகாரி கேட்டுக்கொண்டிருந்தார்: "பிரேக் பத்தி மெக்கானிக் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

டேப்பில் ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அதிகாரியின் பேனாமுனை காகிதத்தைத் தொட்டு நின்ற இடத்தில் மை பரவியது. மெக்கானிக் ஸ்பீக்கர்மேல் காதை வைத்துக் குனிந்திருந்தார். கதவின் கைப்பிடியைப் பிடித்த மேற்பார்வையாளர் அதைத் திருப்பவில்லை.