முஸம்மிலின் கையில் பச்சை

அந்தக் கல் முஸம்மிலின் கையில் இருக்கும்போது பச்சை. ரிஸ்மியாவின் கைக்கு வந்ததும் மஞ்சள்.

ஒரு தடவை என்றால் கண் ஏமாற்றிவிட்டது என்று விட்டுவிடலாம். கல் பல தடவை கைமாறிவிட்டது. முஸம்மில் அதை இடுக்கியில் பிடித்து ஜன்னலுக்கு நேரே தூக்கிக் காட்டினால், வெள்ளரிப்பிஞ்சைக் கீறியதும் தோலுக்கு அடியில் தெரியுமே, அந்தக் குளிர்ந்த பச்சை. அதையே ரிஸ்மியா வாங்கி, இடது கை விரல்களின் இடுக்கில் பதித்துக் குனிந்து பார்த்தால், தண்ணீர் கூடிப்போன பிளேன்டீ மாதிரி ஒரு மஞ்சள்.

"என்ட கையில பரக்கத் ஈக்கி, ராத்தா," என்றார் முஸம்மில். "ஒங்கட கையில என்ன ஈக்கி எண்டு நீங்கதான் பாக்கணும்."

வாசலில் நின்ற தரகர்கள் சிரித்தார்கள். சனிக்கிழமை கல் சந்தை நாள் என்பதால் சீனன்கோட்டைத் தெரு முழுக்க ஆட்கள். சட்டைப் பையில் கற்களோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மட்டும் நின்றவர்களும் அதில் உண்டு. ரிஸ்மியா அவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பரக்கத்த வீட்டுக்குக் கொண்டு போங்க. கல்ல வச்சிட்டுப் போங்க," என்றாள்.

இன்றைக்கு அவள் விடுவதாக இல்லை. அவளுடைய அண்ணன் நஸ்மி நானாவின் அலுவலகம் இது. வடக்கு ஜன்னலோரம் இருக்கும் அந்த மூலை மேசை, இந்தத் தெருவிலேயே நிறம் பார்க்க நல்ல இடம். வெயில் நேராக விழாது. வெளிச்சம் மட்டும் நாள் முழுக்க ஒரே சீராக இறங்கும். அந்த மேசையை நானா அவளுக்குக் கொடுத்தது ஒரு வாக்கின் பேரில்.

தன்சானியாவிலிருந்து வந்த ஒரு கலவைச் சரக்கில் எல்லாரும் ஒதுக்கித் தள்ளிய கல்லொன்றை ரிஸ்மியா எடுத்தாள். வெட்டிப் பார்த்தால் பச்சைக் கிரிசோபெரில். பூனைக்கண் வைடூரியமும் அதே குடும்பம்தான், ஆனால் இதற்குள் கோடு ஓடாது. இலை நிழல் விழுந்த தண்ணீரைப்போலத் தெளிந்திருக்கும். அதே குடும்பத்தில் அலெக்ஸாண்ட்ரைட் என்று ஒன்று உண்டு. பகலில் பச்சை, விளக்கடியில் சிவப்பு என்று வேடம் மாற்றும். இவள் கல் மாறாது. ராத்திரியிலும் பச்சைதான். இந்த வகை அபூர்வம். ஒற்றையாகக் கிடைப்பதே பெரிது. அதே நிறத்தில் இன்னொன்றைச் சேர்த்து ஜோடியாக்குவது அதைவிடப் பெரிது.

"ஜோடி சேத்துட்டா மேச ஒனக்கு," என்று நானா சொல்லியிருந்தார். "சேராட்டி, தாய்லாந்துக்காரர் வாற சனிக்கிழம ஒத்தையாவே குடுத்துடுவேன். மேசையில மச்சான் ஒக்காருவான்."

அந்தச் சனிக்கிழமைதான் இது. கல் வாங்க வரும் அந்தத் தாய்லாந்துக்காரர், நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு வருவதாகச் செய்தி அனுப்பியிருந்தார். நானாவின் மனைவியின் தம்பி ரிஃப்கி காலையிலேயே வந்து, மேசை இழுப்பறைக்குச் சாவி உண்டா என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தான்.

ரிஸ்மியா தன் கல்லைக் காகித மடிப்பிலிருந்து எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தாள். பக்கத்தில் முஸம்மிலின் கல்லை வைத்தாள். பிறகு இரண்டையும் இடம் மாற்றி வைத்தாள். ஜோடி பார்க்கும்போது இது முக்கியம். ஜன்னல் பக்கம் இருக்கும் கல் எப்போதும் கொஞ்சம் உசத்தியாகத் தெரியும், மாற்றி வைத்தால்தான் உண்மை தெரியும். மாற்றியும் முஸம்மிலின் கல் மஞ்சள்தான். எடையில் அவள் கல்லைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். நீள்வட்டம், அடி பெருத்து மொண்டையாக இருந்தது.

"இப்ப நீங்க பிடிங்க," என்றாள்.

அவர் இடுக்கியால் எடுத்துத் தூக்கினார். பச்சை.

ரிஸ்மியா அவரை மேலும் கீழும் பார்த்தாள். முஸம்மில் போட்டிருந்தது கிளிப்பச்சைச் சட்டை. கல் என்பது சின்னக் கண்ணாடி மாதிரி. எதிரே இருப்பதையெல்லாம் உள்ளே வாங்கிக்கொள்ளும். அதனால்தான் கல் பார்க்கும் நாளில் அவள் சாம்பல் நிற அபாயாவைத் தவிர வேறொன்றும் உடுத்துவதில்லை.

"முஸம்மில் நானா, இந்த வெள்ளத் தாள நெஞ்சுல பிடிங்க."

"ஏன், படம் எடுக்கப் போறீங்களா?"

"சட்டைய நம்பேலாம ஈக்கி."

"பெருநாளைக்கு எடுத்த சட்ட, ராத்தா! பொண்டாட்டி கேட்டா அழுவா." முணுமுணுத்துக்கொண்டே பெரிய தாளொன்றை நெஞ்சின் மேல் விரித்துப் பிடித்தார். வெள்ளைத் துணி சுற்றிய பிணம் நினைவுக்கு வந்ததோ என்னவோ, வாசலில் ஒருவர், "மய்யித்துக்குக் கபன் போட்ட மாதிரி ஈக்கி," என்றார்.

தாளுக்கு முன்னாலும் கல் பச்சைதான். அவள் வாங்கிப் பார்த்தாள். மஞ்சள்.

ஆகவே சட்டை இல்லை. வெளிச்சமா? "எழும்புங்க. என்ட கதிரையில இரிங்க," என்று அவரை மேசைக்குப் பின்னால் உட்காரவைத்து, அவள் அவருடைய இடத்துக்குப் போனாள். அவர் அங்கிருந்து காட்டினார், பச்சை. இவள் இங்கிருந்து பார்த்தாள், மஞ்சள். அலெக்ஸாண்ட்ரைட்டின் குணம் கொஞ்சம் கலந்திருக்குமோ என்று விளக்கைப் போட்டும் அணைத்தும் பார்த்தாள். விளக்குக்கு அது அசையவில்லை. ஆளுக்குத்தான் மாறியது.

முஸம்மிலுக்கு அந்தக் கதிரை பிடித்துவிட்டது. முதுகைச் சாய்த்துக்கொண்டார். "நல்ல எடம். ரிஃப்கி ஏன் சாவி கேட்டான் எண்டு இப்ப வெளங்குது."

"எழும்புங்க," என்றாள் ரிஸ்மியா.

நஸ்மி நானா தன் மேசையிலிருந்து குரல் கொடுத்தார். "பச்ச எண்டா வாங்கு, மஞ்சள் எண்டா விடு. ஒரு கல்லோட எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுற? அந்தாள் வாற நேரமாகுது."

"எந்த நிறம் எண்டு தெரியாம எப்பிடி நானா விடுற?"

"மஞ்சள் எண்டு தெருவுக்கே தெரியும். மூணு கடையில மஞ்சள் எண்டு செல்லித்தான் திருப்பி அனுப்பியிருக்காங்க."

முஸம்மில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது உண்மைதான் போலிருந்தது.

ரிஸ்மியா மறுபடி உட்கார்ந்தாள். ஆளை மாற்றினால் நிறம் மாறுகிறது. ஆனால் ஆள் மாறும்போது என்னென்ன சேர்ந்து மாறுகிறது? சட்டை, இருக்கை, வெளிச்சம். மூன்றும் இல்லை என்றாகிவிட்டது. மிச்சம் கை. கையில் பரக்கத் என்னும் இறையருள் இருக்கலாம், ஆனால் அது கல்லுக்குச் சாயம் ஏற்றாது.

"கல்ல எனக்குத் தர வாணாம்," என்றாள். "இடுக்கியோட தாங்க. நீங்க பிடிச்ச பிடியிலேயே. ஒரு மயிரளவும் அசைக்காம."

முஸம்மில் குழந்தையைக் கைமாற்றுவதுபோல மெதுவாக நீட்டினார். அவருடைய விரல்களுக்குச் சற்றுத் தள்ளி இடுக்கியை அவள் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் கையை உருவிக்கொண்டார்.

கல் இப்போது அவள் கையில்தான் இருந்தது. பச்சையாகவே இருந்தது.

வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கை இல்லை, பிடிதான். அவள் மூச்சைக் கட்டிக்கொண்டு பிடியைப் பார்த்தாள். கல்லின் மேலே தட்டையாக ஒரு முகம் வெட்டியிருப்பார்கள். மோதிரத்தில் பதித்தால் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருப்பது அந்த முகம்தான். கல் வாங்குகிறவர்கள் எல்லாரும் பார்ப்பதும் அதன் வழியாகத்தான். அதற்காகவே கல்லின் விளிம்பைப் பிடிப்பார்கள், அல்லது விரல் இடுக்கில் முகம் மேலே வரும்படி பதிப்பார்கள். அவளுக்கு அது சோற்றுக்குக் கை போவது மாதிரிப் பழகிப்போன காரியம். முஸம்மிலோ தட்டை முகத்தை இடுக்கியின் ஒரு தகட்டாலும் மொண்டை அடியை மறு தகட்டாலும் கவ்வியிருந்தார். முகம் இரும்பில் ஒட்டிக் கிடந்தது. கண்ணுக்குத் தெரிந்தது கல்லின் விலா.

"ஏன் இப்பிடிப் பிடிக்கிறீங்க?"

"விளிம்பப் பிடிச்சா வழுக்குது, ராத்தா. வயிறு பெருத்த கல்லு. போன மாசம் ஒண்டு துள்ளித் தெருவோரக் கானுக்குள்ள விழுந்து, மழத்தண்ணியில கைய விட்டுத் தேடினேன். அதுக்குப் பொறகு இப்பிடித்தான் கவ்வுறது."

அவள் குடிக்க வைத்திருந்த கண்ணாடித் தம்ளர் தண்ணீரை முன்னால் இழுத்து, கல்லை அதற்குள் போட்டாள்.

"யா அல்லாஹ்! கல்லு!"

"கரையாது, பயப்படாதீங்க."

காற்றில் இருக்கும்போது கல்லின் பட்டைகள் ஒவ்வொன்றும் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துக் கண்ணைக் குழப்பும். தண்ணீருக்குள் அந்த மினுக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும். உள்ளே இருக்கும் நிறம் மட்டும் மிஞ்சும். தம்ளருக்குப் பின்னால் வெள்ளைத் தாளை நிறுத்தி, இடுக்கியின் நுனியால் கல்லை உருட்டினாள். முகம் வழியாக மஞ்சள். நீளவாக்கில், கல்லின் ஒடுங்கிய நுனிப் பக்கமிருந்து பார்த்தால், அதுவும் மஞ்சள். அகலமான விலாப் பக்கம் திரும்பியதும் வெள்ளரிப்பிஞ்சுப் பச்சை. இன்னொரு புரட்டு, மஞ்சள். இன்னொன்று, பச்சை. வேண்டுமென்றே பல தடவை உருட்டினாள். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீலக்கல்லில் இது தெரியாத ஆள் இந்தத் தெருவில் இல்லை. நீலம் ஒரு திசையில் ஆழமாகவும் இன்னொரு திசையில் பச்சை கலந்தும் தெரியும். வெட்டுமுன் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் முகம் எங்கே என்று தீர்மானிப்பார்கள். பச்சைக் கிரிசோபெரில் எப்போதாவது ஒன்று வருவதால் அதற்கு அந்தப் பழக்கம் யாருக்கும் ஏற்படவில்லை. இதை வெட்டியவர் எடையைப் பார்த்திருக்கிறார். கல் படுத்துக் கிடந்த வாக்கிலேயே முகத்தை வைத்தால் தூளாகப் போவது குறைவு. எடை மிஞ்சியது, நிறம் விலாவுக்குள் மாட்டிக்கொண்டது.

தன் கல்லை எடுத்து, தம்ளருக்கு வெளியே, அந்த விலாவுக்கு நேரே பிடித்தாள். அதே பச்சை. அளவுக்கருவியால் இரண்டையும் அளந்தாள். வயிறு பெருத்த கல் என்பதால் அந்த விலாவுக்குள் அவள் கல் முழுசாக அடங்கியது. சுற்றிலும் கொஞ்சம் இடம் வேறு.

"விலை பேசுவோம்," என்றாள்.

முஸம்மில் பச்சைக்குரிய விலையைச் சொன்னார்.

"பேசுறதுக்கு முந்தி ஒண்டு செல்லணும். ஒளிச்சி வாங்கினா எனக்கு ஒட்டாது." தம்ளரை அவர் பக்கம் திருப்பி, உருட்டிக் காட்டினாள். "இது விலாவால பச்ச, முகத்தால மஞ்சள். யாரும் கல்ல விலாவால போட்டுக்கொண்டு திரியிறதில்ல. திருப்பி வெட்டணும்."

முஸம்மில் தானும் ஒருமுறை உருட்டிப் பார்த்தார். கண்கள் விரிந்தன. "அப்ப வெல கூடணுமே!"

"திருப்பி வெட்டினா பாதிக்கு மேல பட்ட தீட்டுற பாரி நானாட சக்கரத்துல சேறாப் போகும். வெட்டும்போது வெடிச்சா முழுசும் போகும். அந்தப் பயம் எனக்கு. வேணும் எண்டா நீங்களே வெட்டி எடுத்துட்டு வாங்க, பச்ச வெலைய மறுபேச்சில்லாமத் தாறேன்."

"கல்லு என்ட இல்லயே. ஓனர் தர்கா டவுன்ல ஈக்காரு. எட கொறஞ்சா என்னக் கொறச்சிடுவாரு."

"அப்ப மிஞ்சப் போற எடைக்குத்தான் பச்ச வெல. போற எடைக்கு ஒண்டுமில்ல."

முஸம்மில் தெருவுக்குப் போய் ஓனரோடு போனில் பேசினார். திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் கேட்டார். அவள் அசையவில்லை. மறுபடி போனார், மறுபடி வந்தார். லுஹர் பாங்கு சொல்லும்போது கல்லை அவள் பக்கம் தள்ளி, "ஹலாலாப் போட்டும்," என்றார். வியாபாரம் முடிந்தது என்னும் அந்த வார்த்தை விழுந்துவிட்டால் இந்தத் தெருவில் யாரும் பின்வாங்குவதில்லை.

நஸ்மி நானா பள்ளிவாசலுக்குப் புறப்பட எழுந்தவர் நின்றுவிட்டார். "மஞ்சளையா வாங்கினே?"

"தொழுதுட்டு வாங்க, நானா."

பட்டை தீட்டும் பாரி நானா பள்ளியிலிருந்து வரும்வரை அவருடைய பட்டறை வாசலில் காத்திருந்தாள். விலாவில் பேனாவால் புள்ளி வைத்துக்கொடுத்தாள். இன்றைக்கு முழு வெட்டு வேண்டாம். புள்ளி வைத்த இடத்தில் புது முகமும், அடியில் தோராயமாகச் சரிவும் போதும். பாரி நானா புருவத்தை உயர்த்தினார். "நல்ல எடைய அழிக்கிறீங்க, மகள்." "அழிங்க," என்றாள். சக்கரம் சுற்றியது. சாம்பல் நிறச் சேறு வழிந்தது. அவள் பக்கத்திலேயே நின்றாள்.

அவள் திரும்பியபோது தாய்லாந்துக்காரர் வந்து மீன் வைத்த மாலுபாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூலைக் கதிரையில் ரிஃப்கி. அவள் வருவதைக் கண்டு எழுந்தான், ஆனால் நகரவில்லை. ரிஸ்மியா அவனைச் சுற்றிக்கொண்டு போய், ஜன்னலடியில் வெள்ளைத் தாளை விரித்து, இரண்டு கற்களையும் முகம் மேலே தெரிய வைத்தாள்.

நானா குனிந்து பார்த்தார். ஒன்று மினுங்கியது, மற்றது இன்னும் சொரசொரப்பு. நிறம் ஒன்று. இடம் மாற்றி வைத்தார். நிறம் ஒன்றேதான். தாய்லாந்துக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மினுங்கும் கல்லை எடுத்து, அவர்கள் எப்போதும் வியாபாரம் பேசும் உடைந்த ஆங்கிலத்தில், இந்த ஒன்றுக்கு என்ன விலை என்றார்.

"ஒத்தையாக் குடுக்குறதில்ல," என்றார் நானா. "ஜோடி. அந்த மேசையில பேசுங்க. ரிஃப்கி, அந்தக் கதிரைய விடு."

ரிஸ்மியா உட்கார்ந்தாள். நானா அவள் காதருகே குனிந்தார்.

"மூணு கடைக்காரனுக்கும் எனக்கும் மஞ்சளாத் தெரிஞ்சது, எப்பிடிப் பச்சையாச்சி?"

"ஆகல்ல, நானா. பச்ச எப்பவும் விலாவுல ஈந்திச்சி. நாங்க எல்லாரும் முகத்தப் பாத்தோம். இந்த வகக் கல்லு திசைக்கொரு நிறம் காட்டும். அதால வாங்க முந்தித் தண்ணியில போட்டு உருட்டணும், எந்தப் பக்கம் பச்சையோ அந்தப் பக்கத்த மேல வச்சி வெட்டணும்."