திரையில்லாத தடுப்பறை

சிகாகோவில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் அந்தப் பழைய கிளப்பில், ஆண்கள் தரைத்தளத்தைத் தாண்டக் கூடாது. அவர்கள் வந்து பேசுவதற்கென்றே வரவேற்பறை ஓரமாகச் சின்னச் சின்னத் தடுப்பறைகள் உண்டு. ஒரு சோபா, ஒரு விளக்கு. கதவும் கிடையாது, திரையும் கிடையாது. காதலிக்கத் தடையில்லை. கால் மட்டும் தரையில் இருக்க வேண்டும்.

அங்கேதான் ஹுல்டா தன் கணவன் வென்செலோடு உட்கார்ந்திருந்தாள். கணவன் என்பது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். கல்யாணமானவளுக்கு 1924-இல் கிளப்பிலும் இடமில்லை, அவள் தட்டச்சு செய்த அலுவலகத்திலும் இடமில்லை. அவனோ சித்தப்பா பிள்ளைகளோடு ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தான். வீடு கிடைக்கும்வரை வாயைத் திறப்பதில்லை என்று பதிவுத் திருமணம் முடிந்த கையோடு பேசிவைத்திருந்தார்கள்.

"வீடு கிடைச்சிடுச்சு" என்றான் வென்செல். "ரெண்டு ரூம். சமையல்கட்டுல ஜன்னல்கூட இருக்கு."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஹுல்டாவின் கை சட்டைப்பையிலிருந்த அறைச்சாவியைத் தேடிப் பிடித்தது. ஏனென்று புரிவதற்குள் கிளப்பின் தலைவி மிஸ் புரூயிட் வந்து நின்றாள்.

"ஏன் தம்பி, பனி உருகினதுலேருந்து இந்த சோபாவைத் தேய்ச்சுக்கிட்டிருக்கீங்க. எங்க பொண்ணுக்கு என்னதான் வழி சொல்றீங்க? கேக்கறதுன்னா இப்பவே கேளுங்க. இல்லேன்னா இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதீங்க."

பக்கத்துத் தடுப்பறைகளில் பேச்சு நின்றது. பியானோ வாசித்துக்கொண்டிருந்தவளும் கையை எடுத்துவிட்டாள். வென்செலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒளிவுமறைவுக்கு முடிவுகட்ட இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? சட்டென்று மண்டியிட்டான்.

"என்னைக் கட்டிக்கிறியா, ஹுல்டா?" என்று கண்ணடித்தான்.

'சரி' என்று ஒரு சொல், நாடகம் முடிந்துவிடும். அவள் வாய் திறந்தாள். மேலே அவளுடைய ஒற்றைக் கட்டில், சட்டைப்பையில் அவளுடைய சாவி, காலையில் குளியலறை வாசலில் நடக்கும் கேலியும் சண்டையும், மாதச் சம்பளம் தரும் அந்தத் தட்டச்சு இயந்திரம். பதிவாளர் எதிரே தலையாட்டியபோது வீடு எங்கேயோ தூரத்தில் இருந்தது. இவனைப் பிடிக்கவில்லையா என்றால், பிடிக்கும், உயிர். பிறகு ஏன் நாக்கு எழவில்லை? அவளுக்கே விளங்கவில்லை.

"என்னடி முழிக்கிற? சொல்லித் தொலையேன்!" என்று பியானோக்காரி கத்தினாள்.

"யோசிக்கணும்" என்றாள் ஹுல்டா.

மிஸ் புரூயிட்டின் முகம் மலர்ந்தது. "அதான் சரி. நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. ஒரு அவசரமும் இல்ல."

பிரமாதமாக நடிக்கிறாள் என்று நினைத்து வென்செல் மறுபடியும் கண்ணடித்தான். ஹுல்டா சிரிக்கவில்லை. அவன் கண்ணிலிருந்த குறும்பு மெல்ல வடிந்தது. முட்டி இன்னும் தரையில்தான் இருந்தது.

"ஹுல்டா?" என்றான். இப்போது நிஜமாகவே கேட்டான்.