சிவப்பு பென்டிரைவ்

மூன்று மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும். மணி பன்னிரண்டரை. என் கணவரின் மடிக்கணினி நீலத் திரையைக் காட்டிவிட்டு மேசைமேல் செத்துக் கிடந்தது.

அதற்குள்தான் அவருடைய, என் ஜாஃபருடைய, குரல் இருந்தது. போன மாதம் புற்றுநோய்க்காக அவருடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் ஒரு வாரம் உட்கார்ந்து முந்நூறு வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்தார். அவற்றை இன்று மருத்துவமனையில் கொண்டுபோய்க் கொடுத்தால், இனி அவர் தட்டச்சு செய்வதையெல்லாம் ஒரு மென்பொருள் அவர் குரலிலேயே பேசுமாம். தேக்கா கடைத்தெருவில் துணிக்கடை வாசலில் நின்று, சும்மா போகிறவரையும் சேலை வாங்க வைத்த குரல். என் பெயரை மட்டும் பத்து விதமாகச் சொல்லி வைத்திருந்தார். கோபம், கொஞ்சல், எல்லாம் உண்டு.

கணினி போன விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. கழுத்தில் ஓட்டையோடு உள்ளறையில் படுத்திருக்கிற மனிதரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஜொகூரிலிருந்து திரும்பும் வழியில் காஸ்வே பாலத்து நெரிசலில் மாட்டியிருந்த என் தம்பி முபாரக்கைப் போனில் பிடித்தேன்.

"அழாதீங்க லாத்தா. விண்டோஸ்தான் போயிருக்கும், ஃபைல்லாம் உள்ள அப்படியே இருக்கும் லா. ஒரு பென்டிரைவ்ல லினக்ஸ்னு வேற சிஸ்டத்த ஏத்தி, அதவச்சு ஓப்பன் பண்ணலாம். உங்க ஆபீஸ் லேப்டாப் இருக்குல்ல?"

இருந்தது. அவன் சொன்னதை அதில் இறக்கினேன். மேசை இழுப்பறையில் துழாவியதில் ஒரு பழைய சிவப்பு பென்டிரைவ் கிடைத்தது. நாலு ஜிபி. செருகினேன்.

"அதுல ஒண்ணும் இல்லையே? எதுக்கும் ஒரு தடவ செக் பண்ணிக்கங்க."

"எனக்குத் தெரியாதா? அடுத்தது என்னன்னு மட்டும் சொல்லு!"

அப்போது டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. ஜாஃபர் எழுந்து அறை வாசலுக்கு வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு மாதமாகத் தண்ணீருக்கும் தலையணைக்கும் இதே தட்டல்தான். நான் திரும்பவில்லை.

"கொஞ்சம் பொறுங்க, வரேன்!"

இதிலுள்ள அனைத்தும் அழிக்கப்படும், தொடரலாமா என்று திரை கேட்டது. இன்னும் பலமாகத் தட்டினார்.

"உயிரை வாங்காதீங்க!" என்று கத்திக்கொண்டே 'ஆம்' என்பதை அழுத்தினேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நடந்து அவர் மேசைக்கு வந்து சேர்ந்தபோது பச்சைக் கோடு முக்கால்வாசி ஓடியிருந்தது. சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினார்.

'அதுலதான் இருக்கு. லேப்டாப்ல இடம் இல்ல.'

பென்டிரைவைப் பிடுங்கினேன். அது சுட்டது. நடந்ததை முபாரக்கிடம் போனில் சொன்னேன். "சின்ன பென்டிரைவ் லாத்தா. பாதிக்கு மேல அழிச்சு எழுதியிருக்கும். கடையில குடுத்துப் பாக்கலாம், ஆனா…" என்றான்.

எனக்கு நம்ப மனம் வரவில்லை. ஒன்றிரண்டாவது கணினியில் தங்கியிருக்கும் என்று பிடிவாதம். பாழானது பாழாகிவிட்டது என்று அதே பென்டிரைவில் மறுபடி முதலிலிருந்து ஏற்றி, செத்த கணினியில் செருகினேன். பாவி, அருமையாக வேலை செய்தது! கல்யாணப் படங்கள், கடை ரசீதுகள், எல்லாம் பத்திரமாக இருந்தன. 'குரல்' என்ற கோப்புறையில் ஒரே ஒரு பதிவு. 'டெஸ்ட்'. ஒன்பது வினாடி.

அழுத்தினேன்.

"ஒன், டூ, த்ரீ… சாயிரா, செத்த சும்மா இரேன், நான் பேசிக்கிட்டிருக்கேன்ல?" அவர் குரல்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்கிறார். பின்னால் மிக்ஸி சத்தத்தோடு என் குரல்: "எனக்குத் தெரியாதா? பேசுங்க, யாரு வேணாம்னா!"

முடிந்துவிட்டது. மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? என் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, அவருடையதுதான் போயிற்று.

டொக் டொக். உடனே நிமிர்ந்தேன். பலகையில் இரண்டே வார்த்தை எழுதியிருந்தார்.

'மறுபடி போடு.'