அவள் கணினியில் மட்டும் திறந்த பக்கம்

நாத்தனார் காலையிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அண்ணியின் மேசையருகே உட்கார்ந்தாள்.

"அண்ணி, உங்க லிங்க் வேலை செய்யல."

"செய்யுதே! நேத்துகூட பார்த்தேனே."

இருவருக்கும் ஒரே அலுவலகம். அண்ணி நிரல் எழுதுவாள். நாத்தனார் அதைச் சோதித்துக் குற்றம் கண்டுபிடிப்பாள். வீட்டிலும் அப்படித்தான் என்று அண்ணி சொல்லிச் சிரிப்பாள். குழந்தைக்காகச் சில வருடம் வீட்டிலிருந்துவிட்டு, அண்ணி இங்கே தற்காலிக வேலையில் சேர்ந்திருந்தாள். இன்று வெள்ளிக்கிழமை. மாலை அவள் செய்ததைக் குழுத்தலைவர் பார்ப்பார். சரியாக வந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இன்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

செய்தது சின்ன வேலை. ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் எழுதுகிறவர், நிரல் எழுதும் எடிட்டரில் ஒரு ஃபங்ஷனின், அதாவது ஒரு வேலையைச் செய்துதரும் நிரல்துண்டின், பெயர்மேல் மவுஸை வைத்தால் சிறு பெட்டி ஒன்று விரியும். அந்த ஃபங்ஷன் எதை வாங்கும், எதைத் தரும் என்பதும், எழுதியவர் தந்த சிறு விளக்கமும் அதில் இருக்கும். அதற்குக் கீழே, முழு விளக்கமும் உள்ள பக்கத்துக்கு ஓர் இணைப்பு வர வேண்டும்.

அண்ணி மவுஸை வைத்தாள். பெட்டி விரிந்தது. இணைப்பை அழுத்தியதும் பக்கம் பளிச்சென்று திறந்தது.

"இப்ப என்ன சொல்றே?"

"என் மெஷினுக்கு வந்து சொல்லுங்க."

அங்கேயும் அதே பெட்டி, அதே இணைப்பு. அழுத்தினால், அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது.

அண்ணி அந்தக் கணினியில் தன் நிரலை அழித்து மறுபடி நிறுவினாள். இரண்டு கணினிகளின் நிரலையும் வரிவரியாக ஒப்பிட்டாள். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. பக்கத்து மேசைக் கணினியிலும் திறக்கவில்லை.

"என் மெஷினுக்கு மட்டும் என்மேல அப்படி என்ன பாசம்?"

"வீட்ல வாஷிங் மெஷினும் உங்க கைக்குத்தானே ஓடுது" என்றாள் நாத்தனார். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "ரிப்போர்ட்ல உள்ளதத்தான் எழுதுவேன். ஆனா சாயங்காலம்தான் எழுதுவேன். அதுவரைக்கும் என் மெஷின வச்சுக்கோங்க."

அந்த நாற்காலியில் உட்கார்ந்து, இணைப்பின் முகவரியை அண்ணி நிதானமாகப் படித்தாள். அது இணையத்துக்குப் போகவில்லை. கணினிக்குள்ளேயே ஒரு ஃபோல்டருக்குப் போனது. அவள் கணினியில் அந்த ஃபோல்டர் நிறைய விளக்கப் பக்கங்கள். இங்கே ஒன்றுகூட இல்லை. ஆனால் அவற்றை அவள் போடவே இல்லையே! யார் வைத்தது?

அவளுடைய கணினி முன்பு, மாடியிலுள்ள வேறு குழுவுக்கு மாறிப்போன, எல்லாரும் 'கண்ணாடி' அண்ணன் என்று அழைக்கும் மூத்தவருடையது. ஃபோன் செய்தாள்.

"நான்தாம்மா. அப்பல்லாம் நெட் அடிக்கடி போயிடும். அதான் நாம எடுத்தாளுற ரெடிமேட் நிரல் லைப்ரரி எல்லாத்துக்கும் விளக்கத்தை உள்ளயே உருவாக்கி வச்சேன். அடுத்து வர்றவங்களுக்கு உதவுமேன்னு அழிக்கல. ஏம்மா, ஏதாவது தொந்தரவா?"

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முகம் தெரியாத ஆளுக்காக ஒருவர் விட்டுப்போன நன்மையல்லவா இவ்வளவு நேரம் ஆட்டிவைத்தது! "தொந்தரவெல்லாம் இல்லண்ணே. ரொம்ப நன்றி" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். தன்னிடம் இருப்பது எல்லாரிடமும் இருக்கும் என்று நினைத்தது அவள் பிழை, அவருடையது அல்ல.

கண்ணை மூடிக் கடவுளை ஒரு கணம் நினைத்துக்கொண்டாள். பிறகு நிரலைத் திருத்தினாள்: ஃபைல் கணினியில் இருந்தால் அதைக் காட்டு, இல்லாவிட்டால் இணையத்திலுள்ள பக்கத்துக்கு வழி காட்டு. யாரையும் முட்டுச்சந்தில் கொண்டுபோய் விடாதே.

மாலையில் தலைவர் தம் கணினியில் சோதித்தார். ஒவ்வொரு பக்கமாகத் திறந்தது. கடைசியாக, இன்று அவள் எழுதிய ஃபங்ஷன்மேலேயே மவுஸை வைத்தார். பெட்டியில் விளக்கம் ஒரு வரிகூட இல்லை.

"ஊருக்கெல்லாம் விளக்கம் காட்றீங்க. உங்க ஃபங்ஷனுக்கு நீங்க ஒண்ணுமே எழுதலையே?"

"மறந்துட்டேன் சார்."

"சரி, திங்கக்கெழம வந்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவள் அசையாமல் நின்றாள். திட்டினாரா, பாராட்டினாரா?

"அண்ணி," நாத்தனார் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "திங்கக்கெழம வரச் சொல்லிட்டுப் போறாரு! இன்னும் புரியலையா?"

புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், திங்கள்வரை காத்திருக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்து வருகிறவருக்காகத் தன் ஃபங்ஷனின் விளக்கத்தில் முதல் வரியை எழுதத் தொடங்கினாள்.