வள்ளிமயிலின் தூக்கம்

எழுபத்து நாலாம் வருஷம். வேலுத்தாய் தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் அழகுமலை மின்சார போர்டில் லைன்மேன். மலையேறிக் கம்பி இழுக்கப் போனால் வாரம் கழித்துத்தான் சித்திரபுரம் குவார்ட்டர்ஸுக்குத் திரும்புவான். பத்து மாதக் குழந்தை வள்ளிமயிலை தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சாந்தம்மாளிடம் விட்டுவிட்டுத்தான் அவள் டூட்டிக்குப் போவாள்.

ஒரு மாதமாக மனதில் நெருடல். சாயங்காலம் தூக்கிவரும்போதே குழந்தை தோளில் துவண்டுவிடுகிறது. பால் குடிக்கும்போதே தூக்கம். அழுகிற பிள்ளைக்கு அபின் உரசிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிவந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். விளக்கைப் பிடித்துக் குழந்தையின் கண்மணியைச் சோதித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"பகல்ல தூங்குதாளாக்கா?"

"நல்லாத் தூங்குதா. நாங்க வாசலைத் தாண்டுறதே இல்லம்மா" என்றாள் சாந்தம்மாள், முகத்தைப் பாராமல்.

அதுதான் உறுத்தியது. வியாழக்கிழமை தலைவலி என்று சொல்லி மதியமே கிளம்பினாள். லயத்துக் கதவில் பூட்டு. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"சாந்தம்மாளா? மேக்காட்டுல கொழுந்து கிள்ளுதா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

மூச்சிரைக்க ஏறினாள். மரத்தடியில் சாக்கு விரிப்பில் வள்ளிமயில் தவழ்ந்துகொண்டிருந்தாள். கன்னம் கன்றிச் சிவந்திருந்தது. நாளெல்லாம் காற்றிலும் வெயிலிலும் கிடந்த அலுப்புத்தான் அந்தத் தூக்கம். நாலு செடி தள்ளிக் கூடையோடு சாந்தம்மாள்.

குழந்தையை வாரி எடுத்தாள். "வாசலைத் தாண்டலேன்னு சொன்னீகளே!"

"அவரு செத்தபெறகு எங்க வீட்டுல வேலைக்கு ஆளில்லம்மா. வேலைக்கு எம்பேரு பதியலேன்னா எஸ்டேட்டுல லயத்தைக் காலி பண்ணச் சொல்லுதாக."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பீகளா?"

வேலுத்தாய் குழந்தையோடு இறங்கிவிட்டாள்.

இரண்டு நாள் குழந்தையை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனாள். ஒருத்தி பிரசவ வலியில் துடிக்கையில், வள்ளிமயில் தவழ்ந்துபோய் டிஞ்சர் குப்பியைக் கவிழ்த்தாள். இனிமேல் கொண்டுவரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை வேலுத்தாயே மேக்காட்டுக்கு ஏறினாள். அட்டை கடிக்காமலிருக்கக் குழந்தையின் காலில் வேப்பெண்ணெய் தடவி, நிழல் பார்த்துத் தூளி கட்டி, சாந்தம்மாளிடம் விட்டுவிட்டு டூட்டிக்குப் போனாள். மதியம் சொல்லாமல் வந்து நின்றாள். அடுத்த நாளும் வந்தாள்.

"இன்னைக்கும் சந்தேகந்தானா, நர்ஸம்மா?"

"ஆமாக்கா."

சாந்தம்மாள் சிரித்துவிட்டாள். பால் கொடுக்க உட்கார்ந்தவளுக்குக் காற்றை மறைத்து நின்றாள்.