நேராகப் போன வண்டி

அண்ணனின் பாதங்கள் இரண்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அவள் குனிந்து இரண்டையும் பிடித்து நேராக்கினாள். கையை எடுத்ததும் மறுபடி சாய்ந்துகொண்டன. திரும்பவும் நேராக்கினாள்.

"விடும்மா. அது அப்படித்தான் இருக்கும்," என்றார் பக்கத்து வீட்டு டீச்சர்.

அவளால் விட முடியவில்லை. அண்ணனும் அவளும் சேர்ந்து நடத்திய வீல் அலைன்மென்ட் பட்டறையில் அவள் வேலையே இதுதான். சக்கரங்கள் உள்ளே பார்க்கின்றனவா, வெளியே பார்க்கின்றனவா, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று அளந்து சரிசெய்வது. அரை டிகிரிக்காக அண்ணனோடு மல்லுக்கு நிற்பாள். அதனால் பட்டறையில் அவள் பெயரே அரைடிகிரி. அந்தப் பெயரை வைத்தவன் இப்போது ஹாலின் நடுவே, சோபாவை நகர்த்திவிட்டுப் போட்ட கட்டிலில், வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தான். அவனை இத்தனை நேரம் பேசாமல் யாரும் பார்த்ததில்லை.

தலைமாட்டில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்து, இப்போது வருகிறவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் அரைடிகிரி மறுபடி அண்ணனின் பாதங்களைப் பிடித்து நேராக்கினாள். நேற்று ஆஸ்பத்திரியில் அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கடைசியா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை அண்ணி. திடீர்னு ஆயிடுச்சு."

சொன்னது பொய் இல்லை. முழுக்கச் சொல்லவும் இல்லை. அண்ணி இன்னொரு கேள்வி கேட்டால் மீதியும் வெளியே வந்துவிடும் என்று நேற்றிலிருந்து பயந்து செத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் அண்ணியின் தமையன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டுகிறவர். பஸ்ஸைத் தவிர சாலையில் ஓடுகிற மற்றதெல்லாம் அவருக்கு விளையாட்டுச் சாமான்.

"அந்த மாதிரி வண்டியெல்லாம் மனுசன் ஓட்டறதுக்கே இல்லைங்க. ஸ்டியரிங் இழுத்துருக்கும். இவரு மல்லுக்கட்டிருப்பாரு. நெஞ்சு தாங்குமா?"

ஒவ்வொரு தடவை அவர் இதைச் சொல்லும்போதும் அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வண்டி ஒரு பல் டாக்டருடையது. இரண்டே சீட், தரையோடு தரையாகப் போகும் மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார். வேறு ஏதோ பட்டறையில் ரேஸ் செட்டிங் என்று சொல்லி, முன்சக்கரங்களை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி, மேல்பக்கம் உள்ளே சாய்த்து வைத்திருந்தார்கள். வளைவில் வண்டி நினைத்த மாத்திரத்தில் திரும்பும். நேர் சாலையில்தான் வினை. ஸ்டியரிங்கைத் தொட்டாலே துள்ளும். சாலையில் சின்னப் பள்ளம் கோடு போட்டிருந்தாலும் அதன் பின்னாலேயே போகும். டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. "ஓட்டறப்ப தும்மறதுக்குக்கூட பயமா இருக்குங்க," என்றார் டாக்டர்.

அந்த வேலையை அவளே எடுத்துச் செய்தாள். முன்சக்கரங்களை நேராகப் பார்க்க வைத்தாள். சாய்வைக் குறைத்து, வளைவில் பிடிமானத்துக்காகக் கொஞ்சம் மட்டும் விட்டுவைத்தாள். திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வரும்படி, சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வை இரண்டு பக்கமும் ஒரே அளவாக்கினாள். வால் ஆடாமலிருக்கப் பின்சக்கரங்களை இம்மியளவு உள்ளே பார்க்க வைத்தாள். அண்ணன் பக்கத்தில் நின்று கிண்டல் செய்துகொண்டே இருந்தான்.

"ரொம்ப சாதுவாக்கிடாதே, அரைடிகிரி. அப்புறம் அந்த மனுசன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினதுக்கு ஒரு மெத்தை வாங்கிருக்கலாம்."

"ஓட்டிப் பாத்துட்டுப் பேசு."

கிடங்குகளுக்குப் பின்னால் போகும் சாலைக்கு ஓட்டிப்போனார்கள். மட்டமான, ஆள் நடமாட்டமில்லாத, நீளமான சாலை. முனையில் இருந்த வளைவில் அண்ணன் வண்டியை வேகமாகத் திருப்பினான். மூக்கு அவன் சொன்ன பேச்சைக் கேட்டது, வால் அடங்கி வந்தது. "பரவால்லையே," என்றான். அதற்குமேல் அவனிடமிருந்து பாராட்டு வாங்கியவர்கள் கிடையாது. பிறகு நேர் சாலை.

ஒவ்வொரு வண்டிக்கும் இங்கே அவர்கள் செய்வது ஒன்றுதான். அண்ணன் "விட்டாச்சு" என்று சொல்லி ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுப்பான். வண்டி எந்தப் பக்கமாவது இழுக்கிறதா என்று அவள் வெள்ளைக் கோட்டைப் பார்ப்பாள். இம்மி விலகினாலும் "பிடி" என்று கத்துவாள். "பிடிச்சாச்சு" என்பான். அவள் பார்க்க வேண்டியது கோட்டை மட்டும். அவனைப் பார்க்க வேண்டிய அவசியம் ஒருநாளும் வந்ததில்லை.

நேற்று அவன் கைகள் கீழே இறங்கின. ஓரக்கண்ணில் தெரிந்தது. "விட்டாச்சு" என்று அவன் சொல்லவில்லை என்பது ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த நேரத்தில் அவள் கண்ணெல்லாம் கோட்டில் இருந்தது. வண்டி கோட்டை விட்டு ஒரு நூல் விலகவில்லை. கிடங்குகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. வேகம் குறைந்துகொண்டே வந்தது. காலையும் எடுத்துவிட்டான், மெதுவாகும்போதும் இழுக்கவில்லையா என்று பார்க்கிறான் என்று நினைத்தாள். பெருமை தாங்கவில்லை. சிரித்தாள்.

"என்ன, வாயடைச்சுப் போச்சா? இப்ப சொல்லு, மெத்தையா இது?"

வண்டி கியரிலேயே குலுங்கி, எஞ்சின் அணைந்து நின்றது. "ஏன் ஆஃப் பண்ணிட்டே?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினாள்.

எத்தனை நேரம் வண்டி அப்படி ஓட்ட ஆளில்லாமல் வந்தது என்று அவளுக்குத் தெரியாது. அதுதான் பயம். வண்டி கொஞ்சம் இழுத்திருந்தால் கத்தியிருப்பாள், அவன் பிடிக்காததைப் பார்த்துத் திரும்பியிருப்பாள். அவள் வேலையில் குறையே இல்லை. "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா?" என்று ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டாள். "அதைச் சொல்ல முடியாதும்மா," என்றார் அவர். சொல்லித் தொலைத்திருக்கலாம். பிழைத்திருப்பான், பிழைத்திருக்க மாட்டான், இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் நின்று கேட்டிருப்பாள்.

வாசலில் சத்தம் உயர்ந்தது. பல் டாக்டர் வந்திருந்தார். கையில் பூக்கள், முகத்தில் ரத்தம் இல்லை.

"வாங்க சார், வாங்க," அண்ணியின் தமையன் எழுந்து வழியை மறித்தார். "உங்க வண்டி நல்லா வேலை பாத்துருச்சு. உள்ள வந்து பாருங்க."

"நான்... வண்டி துள்ளுதுன்னு சொல்லித்தான் விட்டேன். பாத்து ஓட்டுங்கன்னு கூட..."

"தெரிஞ்சே குடுத்திருக்கீங்க! இழுக்கற வண்டியை ஒரு மனுசன் கையில குடுத்து..."

அண்ணி எழுந்து வாசலுக்கு வந்தாள். அரைடிகிரியும் பின்னாலேயே வந்தாள். கால் தானாக நடந்தது.

"வண்டி இழுத்துச்சா?" அண்ணி டாக்டரைப் பார்த்துத்தான் கேட்டாள். அவருக்கு என்ன தெரியும்? அவர் பூக்களைக் கைமாற்றிப் பிடித்தார். அண்ணி மெல்ல அரைடிகிரி பக்கம் திரும்பினாள்.

சும்மா இருந்துவிடலாம். இந்த ஆள் தலையில் பழியைப் போட்டுவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. அவரும் மறுக்கப்போவதில்லை, இப்போதே பாதி நம்பிவிட்டார். அவள் டாக்டர் கையிலிருந்த பூக்களைப் பார்த்தாள்.

"வண்டி இழுக்கலை அண்ணி."

"உனக்கெப்படிம்மா தெரியும்?" என்றார் தமையன். "அந்த நேரத்துல..."

"அண்ணன் கையை எடுத்துட்டான். டெஸ்ட் பண்றான்னு நெனச்சேன் அண்ணி. நான் ரோட்டையே பாத்துட்டிருந்தேன். வண்டி நேராப் போச்சு. நான்... சிரிச்சேன். அவன்கூடப் பேசிட்டே வந்தேன்."

தெருவில் யாரோ ஸ்கூட்டரைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

"எவ்ளோ நேரம்?" என்றாள் அண்ணி.

"தெரியலை அண்ணி."

அண்ணி அவளைப் பார்த்தாள். திட்டுவாள், அறைவாள் என்று அவள் காத்திருந்தாள். அறைந்தால் தேவலை என்றிருந்தது.

"என்கூட வண்டியில வந்தா அவரு கையை விடவே மாட்டாரு," என்றாள் அண்ணி. "விட்டா நான் கத்துவேன்."

அவ்வளவுதான் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. உள்ளே போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். தமையன் டாக்டருக்கு வழிவிட்டு, "உள்ள போங்க சார்," என்றார் தரையைப் பார்த்து.

பிற்பகலில் வேன் வந்தது. அண்ணனைத் தூக்கிப் பின்னால் ஏற்றினார்கள். உறவுக்காரர்கள் ஏறினார்கள். அரைடிகிரி கேட்டின் ஓரமாக நின்றாள். இனி இந்த வீட்டில் தான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏறலாமா என்று கேட்கவும் பயமாக இருந்தது.

வேனின் பின்கதவருகே நின்ற அண்ணி திரும்பி வந்தாள்.

"நீ முன்னாடி ஏறு."

"அண்ணி, நான் பின்னாடி எல்லாரோடயும்..."

"முன்னாடி ஏறு. டிரைவருக்கு வழி சொல்லு. பட்டறை வழியாப் போகச் சொல்லு." போகத் திரும்பியவள் நின்றாள். "நேராத்தான் போச்சா?"

"நேராத்தான் போச்சு அண்ணி."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

அண்ணி தலையை ஆட்டினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. அண்ணி பின்னால் போய் ஏறிக்கொண்டாள்.

வேன் கிளம்பியதும் அது இடப்பக்கம் இழுப்பது அவளுக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது. டிரைவர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பிப் பிடித்தபடிதான் நேராக ஓட்டினார்.

"கொஞ்சம் இழுக்கும்மா. எனக்குப் பழகிருச்சு," என்றார்.

வேறொரு நாளாக இருந்தால் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லியிருப்பாள். இன்று ஒன்றும் சொல்லவில்லை. பட்டறை வந்தது, போனது. பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே மஞ்சள் வண்டியின் முன்சக்கரங்கள் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும். அவள் திரும்பவில்லை. சாலையையும் பார்க்கவில்லை. டிரைவரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கியர் போட ஒரு கை இறங்கும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு நின்றது. கை மறுபடி ஸ்டியரிங்குக்கு ஏறிய பிறகுதான் மூச்சு வந்தது.

"என்னம்மா, தண்ணி வேணுமா?"

"வேண்டாம். நீங்க பேசிட்டே ஓட்டுங்க."

"என்ன பேசறது?"

"ஏதாவது. நிறுத்தாம பேசுங்க."

டிரைவர் அவளை ஒருமுறை பார்த்தார். சாவு வண்டி ஓட்டுகிறவரிடம் பேச என்ன இருக்கும்? கொஞ்சம் யோசித்துவிட்டு, வழியில் வரும் கடைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"பேக்கரி... சைக்கிள் கடை... மருந்துக்கடை... இது பூட்டியிருக்கு, என்ன கடைன்னு தெரியலை... தையல் கடை..."

அவள் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.