இல்லாத வாத்துகள்

“ஏம்மா அழிச்ச? பூசறதுக்கு உனக்கு வேற இடமே கிடைக்கலயா?”

நிக்கென் கத்திய கத்தலில் எதிர்வீட்டு டிவி சட்டென்று அடங்கியது. சந்து முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது.

“என் சுவரு, நான் பூசுவேன். ஈரம் இறங்குச்சு,” என்றாள் வர்சித்தி.

“எழுத்து இருந்த எடத்துல மட்டும் இறங்குச்சா?”

ஜாவாவின் தெகல் கடலோரத்தில் அரசாங்க அரிசி வாங்கும் வீடுகளின் முன்சுவரில் ‘ஏழைக் குடும்பம்’ என்று கறுப்பாக அச்சடித்துவிட்டுப் போவார்கள். மூத்தவள் எண்டாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், வர்சித்தி மிச்சம் கிடந்த படகுப் பெயிண்டை எடுத்து அதன் மேல் பச்சையாகப் பூசிவிட்டாள். புருஷன் படகில் கூலி. அவன் கரைக்கு வந்து தடுப்பதற்குள் பெயிண்டு காய்ந்தாயிற்று.

இப்போது இளையவள் நிக்கெனுக்கு செமராங்கில் பொறியியல் இடம். உதவித்தொகை கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் கருவாட்டுக் கொட்டகை. விண்ணப்பத்துக்கு அந்த எழுத்தோடு வீட்டின் படம் வேண்டும். கிராம அலுவலகத்திலோ, எழுத்தை அழித்தவர்கள் ஏழ்மையிலிருந்து தாங்களாகவே விலகிக்கொண்டவர்கள் என்று சொல்லிவிட்டார்கள். ராஜினாமா மாதிரிதான். கல்லூரியிலிருந்து ஆள் நேரில் வந்து பார்ப்பது ஒன்றுதான் மிச்ச வழி.

செவ்வாய்க்கிழமை அந்த ஆள் வந்தார். வர்சித்தி ரம்ஜானுக்கு எடுத்த முக்காட்டைப் போட்டிருந்தாள்.

“பழசப் போட்டுக்கோம்மா,” என்று நிக்கென் காலையிலிருந்து கெஞ்சிப் பார்த்துவிட்டாள்.

“வீட்டுக்கு வர்ற மனுஷன் முன்னாடி கிழிசலோட நிக்கச் சொல்றியா?”

டீயோடு பிஸ்கட் வேறு. வந்தவர் பிஸ்கட்டைப் பார்த்தார், பச்சைச் சுவரைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. பக்கத்துல யாரையாவது விசாரிக்கலாமா?”

தேட வேண்டியதே இல்லை. வாசலில் ஏழு பேர் நின்றிருந்தார்கள்.

எதிர்வீட்டு தார்மிதான் முந்திக்கொண்டாள். நல்ல மனசு, வாய்க்குத்தான் கதவு கிடையாது. “இவ ஏழை இல்லேன்னா நான் என்ன மகாராணியா? கேளுங்க சார். பதினோரு வருசமா எங்க வீட்டு மிச்சச் சோத்த வெயில்ல காயவெச்சு எடுத்து வெக்கறேன். வாத்துக்குன்னு வாங்கிட்டுப் போவா. எங்க, ஒரு வாத்தக் காட்டச் சொல்லுங்க!”

“எங்க வீட்லயும் வாங்குவா!”

“முட்ட போடுதாடின்னு கேட்டேன் சார். ‘இப்பதான்க்கா ஆரம்பிச்சிருக்கு’ன்னா!”

எல்லோரும் சிரித்தார்கள். பெண் படிக்க வேண்டுமே என்ற அக்கறையில்தான் ஒருத்தியை ஒருத்தி மிஞ்சிச் சொன்னார்கள்.

வர்சித்தி தரையைப் பார்த்தாள். இந்தப் பதினோரு வருடத்தில் அந்த வாத்துகளுக்கு அவள் சீக்கு வரவழைத்திருக்கிறாள், ஒன்றை நாய் தூக்கிப் போனதாக அழுதுகூட இருக்கிறாள். அத்தனை வாசலிலும் “அடப் பாவமே” என்றார்களே. தெரிந்துகொண்டேவா? காது மடல் வரைக்கும் எரிந்தது.

வந்தவர் பேனாவைத் திறந்தார். “அப்ப அந்தச் சோத்த யாரு சாப்பிட்டது?”

ஏழு பேரும் பச்சைச் சுவரைப் பார்த்தார்கள். தார்மிகூட.

“நான்தான் சார் அந்த வாத்து,” என்றாள் நிக்கென்.

வந்தவர் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். பிஸ்கட்டைத் தொடவில்லை.

உதவித்தொகை கிடைத்தது. ஆனால் வர்சித்தி அதன்பிறகு எட்டு மாதம் கொல்லைப்புற வழியாகத்தான் கடைக்குப் போய்வந்தாள். எண்டாவுக்கு அதே மாப்பிள்ளைதான் அமைந்தான். கேஸ் சிலிண்டர் போடுகிறவன். “‘ஏழைக் குடும்பம்’னு எழுதின வீட்டுக்கிட்ட திரும்புன்னுதான் எனக்கு இந்தச் சந்துக்கே வழி சொன்னாங்க அத்தை,” என்று கல்யாணத்தன்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு எண்டாவை உப்பு முட்டைக்குப் பேர்போன பிரெபெஸுக்குக் கூட்டிப்போனான். நிக்கென் படித்து முடித்து சிங்கப்பூருக்கு எதிரே இருக்கும் பாத்தாம் தீவில் வேலைக்குப் போனாள், அங்கேயே கூட வேலை செய்பவனைக் கட்டிக்கொண்டாள்.

தார்மி மகனோடு இருக்க பெக்காசிக்குக் குடிபோன அன்று, வர்சித்தி முன்வாசல் வழியாகவே வந்து பத்து உப்பு முட்டைகளை நீட்டினாள்.

“எங்க வாத்து போட்டதுக்கா.”

ஒவ்வொரு முட்டையிலும் பிரெபெஸ் கடையின் நீல முத்திரை பளிச்சென்று இருந்தது. தார்மி முத்திரைகள் கீழ்ப்பக்கம் போகும்படி அவற்றைத் திருப்பித் திருப்பி அடுக்கி, துணியில் முடிந்துகொண்டாள்.

“நல்லா பெருசா போட்டிருக்குடி,” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.